எங்க வம்சத்துலயே கெடையாது

நவம்பர் 18, திங்கள்

டாக்டர் சொன்னதால்தான் இந்த நோட்டு. தினமும் தலை வலித்ததா, எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன், எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுத வேண்டுமாம். வலிக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டுமாம். பிப்ரவரியில் வந்து காட்டச் சொன்னார். டாக்டர், இதில் உங்களுக்குத் தேவைப்படாத சமாச்சாரமும் வரும். மனதில் இருப்பதையும் சேர்த்து எழுதினால்தான் எனக்கு எழுத வரும்.

என் பெயர் இசக்கிப்பிரியா. பத்தாம் வகுப்பு. இசக்கியம்மனுக்கு நேர்ந்து பிறந்தவள் என்பதால் இந்தப் பெயர். பெயருக்கு ஏற்ற கோபமும் கூடவே வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். தலைவலி ஆறாம் வகுப்பில் வந்தது.

இன்று அம்மாவுக்குத் தபால் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அப்பா கடையை விட்டு அசைய மாட்டார். அதனால் பேச்சி அத்தை கூட வந்தாள். அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டு மாடியில் உலகு மதினியோடு இருக்கிறாள். உலகு மதினி அத்தையின் ஒரே மகள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்பது மாடி என்றாலும் கீழ்வீட்டிலும் அத்தை வைத்ததுதான் சட்டம்.

டாக்டர் என்னிடம், "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி ஒத்தைத் தலைவலி இருக்காம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை முந்திக்கொண்டாள்.

"எங்க வம்சத்துலயே கெடையாது சார். இவளுக்குப் படிக்க வலிக்கி."

அப்பா பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து டாக்டர் திட்டினார். அதை வீட்டுக்குள் போட்டால் கண் இருட்டுக்குப் பழகி, அப்புறம் சின்ன வெளிச்சம்கூடத் தாங்காதாம். ரோஸ் கலரில் ஒரு கண்ணாடி சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறாராம். டியூப்லைட்டில் நமக்கு ஆகாத நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சத்தை மட்டும் டீயை வடிகட்டுவதுபோல் அது வடிகட்டுமாம். "எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன். போட்டுப் பார்ப்போம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. முதல் தடவையாக ஒரு ஆள் நம்பியிருக்கிறார்.

திரும்பும் வழியெல்லாம் அத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் நெற்றியில் சுக்குப் பத்து வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. வெயிலுக்காம்.

வலி 6. இடப்பக்கம்.

நவம்பர் 26, செவ்வாய்

கண்ணாடி வந்துவிட்டது. போட்டதும் உலகமே சர்பத் ஊற்றினதுபோல் ஆனது. ஆனால் டியூப்லைட்டைப் பார்த்தேன், குத்தவில்லை. நிஜமாகவே குத்தவில்லை.

சந்தோஷம் டவுன் பஸ் வரைக்கும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அப்படியே எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டாள். கண்டக்டர் சில்லறையைக் கையில் தராமல் சீட்டில் வைத்தார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் என் பெஞ்சுக்காரி பர்வீன், "ஏ, மெட்ராஸ் ஐயாட்டி? அந்தாலயே நில்லு!" என்று கத்தினாள்.

அப்போதுதான் விளங்கியது. நம் ஊரில் கலர்க் கண்ணாடி போட்டு ஒருத்தி நடந்தால் கண் நோய்தான். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று வேறு நம்புகிறார்கள். கிளாஸ் டீச்சரிடம், "என் கண்ணப் பாருங்க டீச்சர், செவப்பே இல்ல" என்று கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டு, "வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ" என்றார்.

வீட்டில் அத்தை சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

உலகு மதினி மட்டும் சிரிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, "போட்டா எப்படிட்டி இருக்கு? நெசமாவே வலி கொறையுதா? ஒரு நிமிசம் குடேன்" என்று வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் ரொம்ப நீண்டது. அத்தை மேலேயிருந்து கூப்பிட்டதும் சட்டென்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

வலி 3.

நவம்பர் 30, சனி

டாக்டர் சீட்டைக் காட்டிய பிறகு பள்ளிக்குள் விட்டுவிட்டார்கள். நேற்று சமூக அறிவியல் இரண்டு பீரியடும் முழுசாகக் கவனித்தேன். வலி 1. ஒன்று என்று எழுத இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாது.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று தோசைக்கு மாவு ஆட்டினேன். துணி மடித்தேன். அத்தையின் மேல் தீராத வெறுப்பு வந்தது.

எதிர்வீட்டு அம்மா கண்ணாடி எதற்கு என்று கேட்டாள். நான் பதில் சொல்லும் முன் அத்தை, "அதுவா, சும்மா நடிப்பு. பரிச்ச வருதுல்லா, தல வலிக்கும். சினிமா போட்டா வலிக்காது. எந்த மூதி கண்டுபுடிச்சுதோ இந்தக் கண்ணாடிய" என்றாள். எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள், கேட்டும் கேட்காததுபோல் இருந்தாள். நாத்தனாரை எதிர்த்துப் பேசி இந்த வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை.

இசக்கியம்மா, உன் பெயரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரம் கேட்கிறேன். இந்த வலி அத்தைக்கு ஒரு நாள் வர வேண்டும். ஒரே ஒரு நாள். மண்டைக்குள் ஆணி இறங்க வேண்டும், வாந்தி வர வேண்டும், பக்கத்தில் நின்று ஒருத்தர் நடிப்பு என்று சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

வலி 4. கோபம் 9.

டிசம்பர் 8, ஞாயிறு

உலகு மதினிக்குப் பூ வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் சங்கரநாராயணன், சங்கரன்கோவில்காரர், ஓசூரில் கம்பெனி வேலை. கல்யாணம் தை மாதக் கடைசியில். நாற்பது பேர் வருவார்கள் என்றார்கள், வேன் வேனாக வந்தார்கள். நான் கேசரித் தட்டு எடுத்துக் கொடுக்க நின்றேன்.

சம்பந்தியம்மா வாசலில் இறங்கியதும் அத்தை நேராக என்னிடம் வந்து, என் முகத்திலிருந்து கண்ணாடியை உருவினாள். உருவினாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு பக்கம் காது வலித்தது.

"நல்ல காரியம் நடக்கிற வீட்டுல இது என்ன கோலம்? மெட்ராஸ் ஐன்னு பயந்து ஓடிறப் போறாவ. உள்ள போயிருட்டி."

வீடு நிறைய ஆள், ஒருத்தன் வீடியோ லைட்டைத் தூக்கிக்கொண்டு என் முகத்துக்கு நேராகவே திரிந்தான். அடுப்படி மூலையில் சாக்கின் மேல் படுத்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு அத்தையிடம் கண்ணாடியைக் கேட்டேன். "ஃபிரிட்ஜ் மேல வச்சேன்" என்றாள். ஃபிரிட்ஜ் மேல் இல்லை.

வலி 8. மதினியைப் பார்க்கவில்லை, அவளும் களைப்பாக இருக்கிறது என்று சீக்கிரமே கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஃபிரிட்ஜ் மேல், கீழ், பின்னால். அரிசி டிரம். சாமி அலமாரி. பூ வைத்தபோது வந்த தாம்பாளங்கள். இல்லை. "வந்த கூட்டத்துல எந்தப் புள்ளையோ எடுத்துட்டுப் போயிருக்கும். நான் என்ன ஒன் கண்ணாடிக்குக் காவலா?" என்கிறாள் அத்தை. அப்பா டாக்டருக்கு போன் போட்டார். சென்னையிலிருந்து மறுபடி வர நாளாகுமாம்.

டிசம்பர் 17, செவ்வாய்

அரையாண்டு கணக்குப் பரீட்சை. ஹாலில் என் தலைக்கு மேல் ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. இடம் மாற்றித் தரக் கேட்டேன், பதிவு எண் வரிசை மாறக் கூடாது என்றார்கள். இரண்டு மார்க் கேள்விகள் வரை எழுதினேன். அப்புறம் தாளில் பாதி எழுத்து காணாமல் போனது, ஓரத்தில் பளபளவென்று ஒரு வளையம் ஓடியது. எழுந்து வெளியே ஓடும் முன் விடைத்தாளிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

எனக்குக் கணக்கு நன்றாக வரும் டாக்டர். அது ஒன்றுதான் நன்றாக வரும். பொதுத்தேர்வும் இதே ஹாலில்தான்.

வீட்டில் படுத்திருந்தபோது அத்தையின் குரல் கேட்டது. "படிக்கல. அதான் வாந்தி."

இதற்குப் பழி வாங்காமல் விட மாட்டேன். எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே மனசு மாறினால் இந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துக்கொள்வேன்.

வலி 10.

டிசம்பர் 21, சனி

அத்தை வாசலில் மார்கழிக் கோலம் போடுகிறாள், நெற்றியில் பத்தோடு. பூசணிப்பூ வேறு. என் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு எப்படி இவளால் பூ வைக்க முடிகிறது?

டிசம்பர் 29, ஞாயிறு

டாக்டர், அழுத்தி எழுதித் தாள் கிழிகிறது. வலியால் இல்லை.

அம்மா மீன் குழம்பு கொடுத்துவிட்டாள். மாடிக்குக் கொண்டுபோனேன். அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள். மதினியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். பகலிலேயே கும்மிருட்டு, ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டியிருந்தது. நான் திறந்த கதவு வழியாக வெளிச்சம் விழுந்ததும், கட்டிலில் படுத்திருந்த மதினி "சாத்துட்டி!" என்று முனகினாள். தலையில் ஈரத்துண்டு. பக்கத்தில் வாளி.

முகத்தில் என் கண்ணாடி.

தொலையவில்லை. எந்தப் பிள்ளையும் எடுத்துப் போகவில்லை. அத்தை என் முகத்திலிருந்து உருவித் தன் மகள் முகத்தில் மாட்டியிருக்கிறாள்! எங்கள் வம்சத்திலேயே கிடையாதாம்! நான் நடிக்கிறேனாம்!

அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டேன். மதினி தடுக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நான் குடுத்துரச் சொன்னேன்ட்டி. அம்மாதான் கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும்னா" என்றாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முன்பு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வரன் கிட்டத்தட்ட முடிந்ததாம். பெண்ணுக்கு அடிக்கடித் தலை வலித்து இருட்டறையில் கிடப்பாள் என்று யாரோ சொல்ல, அது வலிப்பு என்று அங்கே போய்ச் சேர்ந்து, வரன் கலைந்ததாம். டாக்டரிடம் போனால் நாலு பேருக்குத் தெரியும் என்று அத்தை கூட்டிப் போகவே இல்லையாம். "அவிய வீட்டுல யார்ட்டயும் சொல்லிராத இசக்கி. ஒன் கால்ல விழுதேன்."

பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் எழுதுவேன். கையில் ஆயுதம் வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. வாளியைக் கழுவி வைத்தேன், நாற்றம் தாங்கவில்லை என்பதற்காக. துண்டை நனைத்துப் பிழிந்து போட்டேன், காய்ந்திருந்தது என்பதற்காக. கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

வலி 0. சந்தோஷம் 10.

ஜனவரி 5, ஞாயிறு

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தை முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மதியம் என் தட்டில் வஞ்சிரம் நடுத்துண்டாக விழுந்தது. பிறந்ததிலிருந்து எனக்கு வால் துண்டுதான் வைப்பாள். சாப்பிட்டேன். லஞ்சம் என்றாலும் ருசியாக இருந்தது.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு அத்தை பட்டுத் தாவணி எடுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு ஆச்சரியம். "ஒங்க அத்தைக்கு என்ன ஆச்சு?" என்கிறாள்.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை மெருகேற்றிக்கொண்டிருக்கிறேன். சம்பந்தியம்மாவிடம் போய், சத்தமாக, நாலு பேர் இருக்கும்போது: "மதினிக்கும் எனக்கு மாதிரியே தலைநோய் உண்டு. அத்தை மறைச்சிட்டாவ." அவ்வளவுதான். அத்தை முகத்தில் அப்போது ஈ ஆடாது. கணக்குத் தாளுக்கு அது சமம்.

மதினி ஓசூர் போகத் துணிமணி அடுக்குகிறாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். சிரிக்காமல் இருந்தால் எனக்கு வசதியாக இருக்கும்.

வலி 2.

ஜனவரி 26, ஞாயிறு

சம்பந்தியம்மா முகூர்த்தப் பட்டு கொண்டுவந்தார். கூடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர். தானாகவே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது என்னத்துக்குட்டி ரோஸ் கண்ணாடி? கண்ணுல எதும் கோளாறா?"

அத்தை கையில் காப்பித் தட்டு. அப்படியே நின்றாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் வந்தது. மதினி தலையைக் குனிந்துகொண்டாள்.

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"எனக்கு வெளிச்சம் ஆகாது, தல வலிக்கும்" என்றேன்.

"ஒனக்கு மட்டுந்தானா?"

"ஆமா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், ஏழெட்டுப் பேர் போதாது. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருப்பார்கள். பழி வாங்குவதென்றால் பெரிதாக வாங்க வேண்டும். காரணம் அதுதான், வேறு எதுவும் கிடையாது.

பிப்ரவரி 3, திங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, நேற்று முகூர்த்தம். இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

மண்டப மேடை முழுக்க எல்.இ.டி. திரை, கலர் கலராக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வீடியோ லைட். கீழிருந்து புகை. நான் முதல் வரிசையில் என் கண்ணாடியோடு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. மேடையில் மதினி, கண்ணாடி இல்லாமல். சரியான தண்டனை என்று நினைத்தேன். சம்பந்தியம்மா எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார், எழுந்து நடக்கக்கூட வேண்டாம்.

வரிசையாக ஆட்கள் மேடைக்கு ஏறிப் பரிசு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். மதினி சிரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் இடது கண் மட்டும் சுருங்கியது. கழுத்தைத் தடவினாள். அப்புறம் கொட்டாவி விட்டாள், திரும்பத் திரும்ப. அடுத்தது என்ன வரும் என்று அந்த ஐந்நூறு பேரில் எனக்குத்தான் தெரியும். எச்சில் ஊறும், ஓரத்தில் வளையம் ஓடும், அப்புறம் வாளி வேண்டும். மேடையில் வாளி இல்லை. பட்டுச் சேலையும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் இருந்தன.

அத்தை மேடை ஓரத்தில் நின்றாள். அவளும் பார்த்துவிட்டாள். வீடியோக்காரனிடம், "தம்பி, போதும்யா, அந்த லைட்ட அமத்து" என்று கெஞ்சினாள். "ரெண்டே ஷாட்தாம்மா" என்றான் அவன்.

நான் எழுந்தேன். சம்பந்தியம்மா பக்கம்தான் போக நினைத்தேன் டாக்டர், சத்தியமாக. கால் மேடைக்குப் போய்விட்டது. நேராக ஏறி, கண்ணாடியைக் கழற்றி, எல்லோரும் பார்க்க மதினி முகத்தில் மாட்டினேன். இப்போது ஊரே தெரிந்துகொள்ளட்டும், இதுதான் என் பழி என்று சொல்லிக்கொண்டேதான் மாட்டினேன்.

முன்வரிசையில் ஒரு அம்மா, "பொண்ணுக்கு மெட்ராஸ் ஐயா?" என்று வாயில் சேலை முனையை வைத்தாள். இரண்டு மூன்று பேர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். அத்தை முகத்தில் நான் ஆசைப்பட்டபடியே ஈ ஆடவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு விசில். மாப்பிள்ளையின் ஓசூர்க் கூட்டாளிகள். "தங்கச்சி மாஸ்!" என்று கத்திக்கொண்டு ஒருத்தன் தன் கூலிங் கிளாஸை மாப்பிள்ளைக்கு மாட்டினான். இன்னும் நாலு பேர் தாங்களும் மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். வீடியோக்காரன், "சூப்பர் மேடம், இதுதான் கான்செப்ட்டா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல!" என்று குதித்தான். பாட்டு மாறியது. சம்பந்தியம்மா கை தட்டிச் சிரித்தார்.

நான் வைத்த அணுகுண்டு புஸ்வாணமாகப் போயிற்று. ஆனால் ஒன்று பார்த்தேன். அந்தக் கூத்துக்கு நடுவில் மாப்பிள்ளை குனிந்து ஏதோ கேட்டார், மதினி ஏதோ சொன்னாள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு வீடியோக்காரனைக் கூப்பிட்டு, இரண்டு பக்க லைட்டையும் அணைக்கச் சொன்னார். அவன் என்னமோ சொல்லிப் பார்த்தான். "அணைங்க" என்றார்.

அதற்குள் எனக்கு வளையம் ஓட ஆரம்பித்துவிட்டது. தட்டுத் தடுமாறிப் பின்பக்கம் காய்கறி வைத்திருந்த அறைக்குள் போய்த் தரையில் படுத்தேன். தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில். கதவு திறந்தது, உடனே சாத்தியது. யார் என்று பார்க்கக்கூட முடியவில்லை. கதவுக்கு அடியில் வந்த வெளிச்சக் கோட்டை யாரோ சாக்கால் அடைத்தார்கள். என் தலையிலிருந்து மல்லிகைப் பூவை உருவித் தூரப் போட்டார்கள். ஆமாம், அப்போது எனக்குப் பூ வாசம் ஆகாது. அம்மாவுக்கே தெரியாது அது. ஈரத்துணி வந்தது. பிடரியில், சரியாக எந்த இடத்தில் அழுத்தினால் கொஞ்சம் விடுமோ அந்த இடத்தில் இரண்டு விரல் அழுத்தியது. வாந்தி வரும் முன்பே வாளி வந்தது.

"பேசாத. மூச்ச மட்டும் விடு" என்றாள் அத்தை.

வாந்தி எடுத்து முடித்ததும் கேட்டேன். "நடிப்புன்னு சொன்னிய?"

"சொன்னேன்."

"தெரிஞ்சே சொன்னிய?"

"ஒனக்குக் கெடையாதுன்னு சொன்னாத்தானட்டி அவளுக்கும் கெடையாதுன்னு ஆகும். ஒரே ரத்தம்லா."

"கணக்குப் பரிச்ச போச்சு."

அத்தையின் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. நானும் விடவில்லை. "ஒங்கள மன்னிக்க மாட்டேன். டாக்டர் முன்னால வந்து, வம்சத்துல உண்டுன்னு ஒங்க வாயால சொல்லணும். இல்லன்னா சம்பந்தியம்மா கையப் புடிச்சுச் சொல்லுவேன்."

"வாரேன். இப்பம் கண்ண மூடு."

வலி 10. தாலி கட்டியதைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

ஓசூரிலிருந்து பார்சல். என் கண்ணாடி, பஞ்சு வைத்துச் சுற்றி. மதினி போனில் பேசினாள். மாப்பிள்ளை அண்ணன் ஓசூர் போன மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டாராம், அவளுக்கும் ஒன்று வாங்கியாயிற்று. "மாமியாருக்குத் தெரியுமா?" என்றேன். "அவியளுக்கும் போட்டுப் பாக்கணுமாம். டிசைன் நல்லாருக்காம்" என்று சிரித்தாள்.

எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்துவிட்டது. என் பழி மட்டும் பாக்கி.

வலி 2.

பிப்ரவரி 22, சனி

டாக்டர், இன்று உங்களிடம் இந்த நோட்டைத் தரவில்லை. மார்க்கை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று இதற்குள் தெரிந்திருக்கும், அதாவது நீங்கள் படித்திருந்தால்.

அம்மாவுக்கு லீவு கிடைத்தது. நான் வேண்டாம் என்று சொல்லி அத்தையைத்தான் கூட்டிப் போனேன். உங்கள் அறையில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் பத்து, வழக்கம்போல. நான் தொண்டையைச் செருமினேன்.

"எம் மவளுக்கும் இது உண்டு சார்" என்றாள் அத்தை. "போன தடவ பொய் சொல்லிட்டேன்."

ஜெயித்துவிட்டேன். உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நீங்கள்தான் விடவில்லை. தாளிலிருந்து நிமிர்ந்து, அவள் நெற்றியைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றீர்கள்.

அத்தை மேலே டியூப்லைட்டைப் பார்த்தாள். கண் இரண்டும் சுருங்கின. இத்தனை வருடம் அந்தச் சுருக்கத்தை நான் முறைப்பு என்று நினைத்திருக்கிறேன்.

"பெரிய மனுசி ஆனதுலேருந்து" என்றாள்.

"யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"யார்ட்ட சார் சொல்ல? எங்க அம்மைட்ட சொன்னேன். நடிக்கியான்னு அடிச்சா. கட்டிக்குடுத்த எடத்துல சொன்னா கொண்டாந்து விட்டுருவாவ. இவ மாமா சாவுற வரைக்கும் அவியளுக்குத் தெரியாது. சுக்க அரச்சுப் போட்டுக்கிட்டுச் சோலியப் பாக்க வேண்டியதுதான்."

டாக்டர், நான் இசக்கியிடம் ஒரே ஒரு நாள்தான் கேட்டேன். மண்டைக்குள் ஆணி, வாந்தி, பக்கத்தில் ஒருத்தர் நடிப்பு என்று சொல்வது. டிசம்பர் மூன்றாம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த அம்மன் கம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேல் அவளை நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் மேசையில் புதிதாக வந்திருந்த மாதிரிக் கண்ணாடியை அவளுக்குப் போட்டுவிட்டு, புதியது வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். அத்தை டியூப்லைட்டை மறுபடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

பஸ்ஸில் இரண்டு பேரும் ரோஸ் கண்ணாடியோடு ஏறினோம். ஜன்னல் சீட்டிலிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை முந்திக்கொண்டாள். பஸ் முழுக்கக் கேட்கும்படியாக.

"ஒக்காரு தாயி, பயப்படாத. இது யாருக்கும் ஒட்டாது. எங்க வம்சத்துக்கு மட்டுந்தான் வரும்."

அந்தப் பெண் உட்கார்ந்தாள். நான் இன்னும் அத்தையை மன்னிக்கவில்லை. கணக்குத் தாளை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வலி 2. அத்தைக்கும் சேர்த்து எழுதலாம் என்று, பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "இன்னைக்கா, மொத்தமாவா?" என்கிறாள்.